வானம் நீலமா, கத்தரிப்பூவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய வீடியோ கேம்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எழுதியவர் விளையாடி அனுபவித்தவர் என்பது வரிக்கு வரி தெரிகிறது. ஆனால் பழைய கருவியைப் போல இன்றைய கணினியில் நடிக்கும் எமுலேட்டர் மென்பொருளில் இந்த விளையாட்டுகளை அன்றிருந்த அதே நிறங்களில் இன்றும் பார்க்கலாம் என்று போகிற போக்கில் ஓரிடத்தில் சொல்லிவிட்டார். அதற்குச் சான்று போலப் பக்கத்தில் மூன்று படங்கள். முதல் படத்தில் வானம் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. இரண்டாவதில் அருவிக்கு ஜன்னல் கம்பி போட்டிருந்தது. மூன்றாவது கண்ணைப் பறித்தது. மூன்றும் அன்றிருந்த நிறங்கள் அல்ல. மூன்றும் தவறிய காரணமும் வேறு வேறு.

நான் அச்சகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக நிறத் திருத்தம் செய்பவள். படத்தை நான்கு மைகளாகப் பிரிப்பது, புரூஃப் எனும் மாதிரி அச்சு எடுப்பது, வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்ட புரூஃபுக்கும் இயந்திரத்திலிருந்து வரும் தாளுக்கும் வேறுபாடு வராமல் பார்த்துக்கொள்வது என் வேலை. சேர்ந்த முதல் வாரத்தில் மூத்தவர் ஒருவர் ஒரே கோப்பை வழவழப்பான ஆர்ட் தாளிலும் செய்தித்தாளிலும் அடித்து, இரண்டையும் என் முன்னால் வைத்து, எது சரி என்று கேட்டார். நான் ஆர்ட் தாளைக் காட்டினேன். "எந்தத் தாளுக்குச் செய்த கோப்பு என்று நீ கேட்கவே இல்லையே அம்மா" என்றார். அவர் ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. எமுலேட்டர் படம் எதைப் பார்த்தாலும் எனக்கு அந்தக் கேள்விதான் முதலில் வருகிறது.

முதலில் வானம். சூப்பர் மாரியோ பிரதர்ஸ், 1985. இந்த வானம் எனக்கும் என் அண்ணனுக்கும் நெடுங்காலத் தகராறு. மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த அமெரிக்க வகை என்.இ.எஸ். (நிண்டெண்டோவின் வீடியோ கேம்) பெட்டி ஒன்று எங்களிடம் இருந்தது. பள்ளி நாள்களில் அது எங்கள் வீட்டில் இருக்கும். விடுமுறை விட்டதும் அண்ணன் அதைப் பெரியப்பா வீட்டுக்குத் தூக்கிப் போய்விடுவான். எனக்கு நினைவிருப்பது நீல வானம். அவன் சத்தியம் செய்வது கத்தரிப்பூ வானம். (ஊதா என்று எழுதியிருக்கலாம். ஆனால் ஊதா என்றால் சிலருக்கு நீலம், சிலருக்குக் கத்தரிப்பூ. இருக்கும் சண்டையே போதும்.)

இருவரும் பொய் சொல்லவில்லை என்று எனக்குப் புரிந்ததே பிற்பாடுதான். அந்தப் பெட்டிக்குள் சிவப்பு இத்தனை, பச்சை இத்தனை, நீலம் இத்தனை என்ற எண்களே கிடையாது. ரிக்கோ நிறுவனம் தயாரித்த 2சி02 என்ற படச் சில்லு, ஒவ்வொரு நிறத்தையும் ஆறு பிட் (பிட் என்பது 0 அல்லது 1) குறியீடாகவே வைத்திருக்கிறது. நான்கு பிட் சாயலுக்கு, இரண்டு பிட் வெளிச்சத்துக்கு. மொத்தம் 64 குறியீடுகள். அவற்றில் பல வெறும் கறுப்பு என்பதால் கண்ணுக்கு வேறுபடுபவை ஐம்பதுக்குச் சற்று மேல்தான். குறியீட்டைச் சில்லு நேராக என்.டி.எஸ்.சி. எனும் அமெரிக்கத் தொலைக்காட்சி முறையின் மின்னலையாக மாற்றி மஞ்சள் முனைக் கம்பி வழியே அனுப்பிவிடும். அந்த அலை எவ்வளவு முந்தி அல்லது பிந்தி வருகிறது என்பதை வைத்துத் தொலைக்காட்சி சாயலைத் தீர்மானிக்கும். வட்டத்தைப் பன்னிரண்டு துண்டாக்கினால் துண்டுக்கு 30 பாகை. அவைதாம் அதன் பன்னிரண்டு சாயல்கள். மாரியோவின் வானம், பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில், 22. சாயல் இரண்டு, வெளிச்சம் இரண்டு. அந்த இரண்டாம் சாயல் நீலத்துக்கும் கத்தரிப்பூவுக்கும் நடு வரப்பில் நிற்கிறது. தொலைக்காட்சி அலையைப் பிரிக்கும்போது சில பாகை இந்தப் பக்கம் நகர்ந்தால் நீலம், அந்தப் பக்கம் நகர்ந்தால் கத்தரிப்பூ.

நகர்த்துவதற்குத் திருகும் இருந்தது. டின்ட் என்று பெயர். எங்கள் வீட்டிலும் பெரியப்பா வீட்டிலும் இருந்தவை பல ஒளிபரப்பு முறைகளையும் ஏற்கும் தொலைக்காட்சிகள். நம் ஊரில் அன்றிருந்த பி.ஏ.எல். முறை ஒளிபரப்புக்கு அந்தத் திருகு வேலையே செய்யாது. அந்த முறை இத்தகைய பிழையைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும். என்.டி.எஸ்.சி. சிக்னல் வந்தால் மட்டும் திருகுக்கு உயிர் வரும். மாமா கொண்டுவந்த வெளிநாட்டு வீடியோ கேசட் ஒன்றில் எல்லோருடைய முகமும் பச்சை பாய்ந்து தெரிந்ததால், அப்பா மனித முகம் மனித முகமாகும்வரை திருகை நகர்த்தி, அதன்மேல் ஒரு துண்டு ஒட்டுத்தாளையும் ஒட்டிவைத்தார். பெரியப்பா வீட்டில் அதை யாரும் தொட்டதில்லை. கடையிலிருந்து வந்தபோது எங்கே நின்றதோ அங்கேயே நின்றது. பொறியாளர்கள் என்.டி.எஸ்.சி. என்பதற்கு, ஒருமுறை காட்டிய நிறத்தை மறுமுறை காட்டாது என்று கேலியாக விரிவு சொல்வதுண்டு. எங்கள் குடும்பத்தில் அதற்கு இரண்டு சாட்சிகள்.

வரைந்தவர் என்ன நிறத்தை நினைத்தார் என்று கேட்டால் அங்கும் தெளிவில்லை. ஜப்பானிய வீட்டுத் தொலைக்காட்சிகளின் வெள்ளை 9300 கெல்வின் பக்கம் இருக்கும், நீலம் தூக்கலாக. (வெள்ளையின் சாயலைக் கெல்வின் எண்ணால் சொல்வோம். எண் கூடினால் நீலம் கூடும்.) அமெரிக்கத் தரம் 6500. அதே விளையாட்டு கடல் தாண்டும்போதே கொஞ்சம் மஞ்சளேறிவிடுகிறது. என் தொழிலில் இப்படிப்பட்ட இடத்தில் கையெழுத்திட்ட புரூஃபை எடுத்து மேசைமேல் போட்டால் பேச்சு முடிந்தது. இந்த வானத்துக்கு அப்படியொரு புரூஃப் கிடையாது.

அதனால் எமுலேட்டர் எழுதுபவர் 64 குறியீட்டுக்கும் தானே ஒரு நிறப் பட்டியல் தர வேண்டியிருக்கிறது. பேலட் என்பார்கள். ஒருவர் தன் தொலைக்காட்சியைப் பார்த்துக் கண்ணளவில் போடுவார். இன்னொருவர் சில்லின் மின்னழுத்தத்தை அளந்து, அலையைக் கணக்குப் போட்டுப் பிரிப்பார். எனக்குக் கணக்குப் போடுபவர் மேல் நம்பிக்கை அதிகம், அவர் எந்த இடத்தில் ஊகித்தார் என்பதாவது தெரியும். ஆனாலும் கடைசியில் அவரும் ஒரு தொலைக்காட்சியைக் கற்பனை செய்துதான் ஆக வேண்டும். அசல் நிறம் வேண்டுமென்று பெட்டியைத் திறந்து, பிளேசாய்ஸ்-10 என்ற, காசு போட்டு விளையாடும் ஆர்கேடு இயந்திரத்தில் இருந்த சில்லை மாற்றிப் பொருத்தியவர்களும் உண்டு. அந்தச் சில்லு சிவப்பு, பச்சை, நீலத்தை நேரடியாகத் தரும். படம் பளிங்காக இருக்கும். ஆனால் அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் மூன்று பிட்தான். வீட்டு மாரியோவும் அந்த மாரியோவும் ஒரே சட்டை போட்டவர்களாகத் தெரிய மாட்டார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பக்கத்து வானம் இந்தக் கதையில் சேராது. அது பெட்டியிலோ எமுலேட்டரிலோ நடந்ததல்ல, எங்கள் தொழிலில் நடந்தது. திரையின் நீலத்தை மென்பொருள் தானாக நான்கு மைகளுக்கு மாற்றும்போது சயானும் (பச்சை சாய்ந்த நீல மை) மெஜந்தாவும் (கருஞ்சிவப்பு சாய்ந்த இளஞ்சிவப்பு மை) ஏறக்குறைய சமமாக விழுந்துவிடும். தாளில் அது கத்தரிப்பூ. நீலம் நீலமாக வர, சயான் மெஜந்தாவைவிட முப்பது சதமாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது அச்சகத்தில் புதிதாக வரும் பிள்ளைக்கும் சொல்லித்தரும் பாடம். உங்கள் பக்கத்தை லூப் என்ற உருப்பெருக்கி வைத்துப் பார்த்தேன். இரண்டு மைப் புள்ளிகளும் இரட்டைப் பிள்ளைகள் போல ஒரே பருமனில் இருந்தன. அண்ணனோ அந்தப் படத்தை வெட்டியெடுத்து, புகைப்படம் பிடித்து, பத்திரிகையே ஒப்புக்கொண்டுவிட்டது, இனி உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டு அனுப்பியிருக்கிறான். இந்தக் கடிதத்தின் அவசரம் உங்களுக்குப் புரிந்திருக்கும்.

அருவியைப் பிறகு பார்க்கலாம். எனக்கு அதிகம் வலித்தது மூன்றாவது படம்.

அது கேம் பாய் அட்வான்ஸ் எனும் கையடக்கக் கருவிக்காக 2002 இல் வந்த 'கேசில்வேனியா: ஹார்மனி ஆஃப் டிசோனன்ஸ்'. கருவி 2001 இல் வந்தது. 240 பெருக்கல் 160 புள்ளிகள், சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் ஐந்து பிட் வீதம் 32,768 நிறங்கள். என்.இ.எஸ். போலில்லாமல் இதில் சிவப்பு, பச்சை, நீலத்துக்கு உண்மையான எண்கள் உண்டு. அப்படியானால் எண்ணை அப்படியே திரைக்கு அனுப்பினால் போதுமே என்று தோன்றும். தோன்றியதால்தான் இந்த வினை. அந்தத் திரைக்குப் பின்விளக்கு கிடையாது. வெளியிலிருந்து விழும் வெளிச்சத்தைத் திருப்பியனுப்பித்தான் படம் காட்டும். பகலில் ஜன்னலோரம் நன்றாக இருக்கும். இரவில் விளக்கை நோக்கிச் சாய்த்துப் பிடித்துக்கொண்டே கழுத்து வலித்துவிடும். கருவி வெளியானபோதே அதற்கு வந்த முதல் கேசில்வேனியாவான 'சர்க்கிள் ஆஃப் த மூன்' இருட்டாக இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை என்று எல்லோரும் குறைப்பட்டார்கள். அடுத்து வந்த ஹார்மனியில் கலைஞர்கள் நிறங்களை வேண்டுமென்றே தூக்கிப் போட்டார்கள்.

என் தொழிலில் இது தினசரி நடப்பது. செய்தித்தாளில் மை ஊறிப் பரவும். ஐம்பது சதப் புள்ளி தாளில் எழுபத்தைந்து சதம் போல நிற்கும். டாட் கெயின் என்போம். பரவப்போகிறது என்று தெரிந்து, படத்தை முன்கூட்டியே வெளுத்து அனுப்புவோம். அந்தக் கோப்பைக் கணினியில் திறந்து பார்ப்பவர் சோகை பிடித்த படம் என்பார். பாவம், அவர் தாளைப் பார்க்கவில்லை. ஹார்மனியில் நடந்ததும் இந்தக் கணக்குதான். மங்கிய திரை நிறத்தைத் தின்னும் என்று தெரிந்து, தின்பதற்கும் சேர்த்துப் போட்டார்கள். இன்றைய பின்விளக்குத் திரை எதையும் தின்பதில்லை. போட்டது அத்தனையும் மேலே வழிகிறது. உங்கள் படத்தில் பார்த்தது அந்த வழிசல்.

ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். என் பழைய அட்வான்ஸ் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு மதியம், அச்சகத்தில் புரூஃப் பார்க்க வைத்திருக்கும் 5000 கெல்வின் விளக்குப் பெட்டியில் அதை வைத்து, பக்கத்தில் அளவுக் கருவியால் சீர்செய்த எங்கள் திரையில் எமுலேட்டரை ஓடவிட்டு, ஒரே காட்சியில் இரண்டையும் நிறுத்தினேன். மேலாளர் வந்தார், பார்த்தார், எதுவும் கேட்காமல் போய்விட்டார். திரையில் நாயகனின் உடை ரத்தச் சிவப்பு. கருவியில் அது செங்கல் சிவப்பு. திரையில் கிளிப்பச்சை, கருவியில் பாசிப்பச்சை. பின்னணிச் சுவரின் நீலம் திரையில் தனியாக எழுந்து வந்து நின்றது. கருவியில் சுவரோடு சுவராக இருந்தது. பிறகு எமுலேட்டரில் நிறத் திருத்தம் என்ற விருப்பத்தைத் திறந்தேன். நல்ல எமுலேட்டர்களில் இது உண்டு. இரண்டு வேலை செய்கிறது. இடைப்பட்ட வெளிச்சங்களைக் கீழே இறக்குகிறது. மூன்று நிறங்களையும் ஒன்றுக்குள் ஒன்று கொஞ்சம் கலக்கிறது, அசல் திரையின் வடிகட்டிகள் அவ்வளவு தூய்மையாக இல்லை என்பதால். உடை செங்கலானது. இவ்வளவு நெருங்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் அதிலும் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. சிலர் திருத்தத்தை முழு அளவுக்கு வைத்து, அந்தத் திரையின் இருட்டையும் சேர்த்துக் கொண்டுவந்துவிடுகிறார்கள். அந்த இருட்டை அன்றே யாரும் விரும்பவில்லை. தயாரித்தவர்களே 2003 இல் முன்விளக்கு வைத்த எஸ்.பி. கருவியைக் கொண்டுவந்தார்கள், 2005 இல் அதே எஸ்.பி.க்குப் பின்விளக்கு வைத்தார்கள். இடையில், 2003 இலேயே, அட்வான்ஸ் விளையாட்டுகளைத் தொலைக்காட்சியில் ஓட்ட, கேம்கியூப் எனும் வீட்டுப் பெட்டியில் மாட்டும் கேம் பாய் பிளேயரும் வந்தது. எல்லாமே அசல்தான், எல்லாமே வேறு வேறு முகம். எனக்கு நிறக் கலப்பு வேண்டும், இருட்டு வேண்டாம். இது என் ருசி என்று சொல்லிவிட்டே செய்கிறேன், அசல் என்று பெயர் வைப்பதில்லை.

இப்போது அருவி. சேகாவின் மெகா டிரைவ் பெட்டியில் 1991 இல் வந்த 'சோனிக் த ஹெட்ஜ்ஹாக்'. அந்தக் கருவியால் ஒரு படத்தை இன்னொன்றின் மேல் கண்ணாடி போலப் பாதி ஊடுருவ வைக்க முடியாது. அதனால் ஒரு நெட்டு வரிசை நீர், ஒரு வரிசை வெறுமை என்று மாற்றி மாற்றி வரைந்தார்கள். கம்போசிட் கம்பியில் (மேலே சொன்ன அதே மஞ்சள் முனைக் கம்பி) போகும் சிக்னலால் அவ்வளவு நெருக்கமான வரிசைகளைத் தனித்தனியாகச் சுமக்க முடியாது. இரண்டும் ஒன்றில் ஒன்று கரைந்து, பின்னால் இருக்கும் பாறை தெரியும் அருவியாகிவிடும். கூர்மையான இன்றைய திரையில் கரைப்பதற்கு ஆளில்லாததால் கம்பி கம்பியாக நிற்கிறது. இதைத் துல்லியம் என்பது, அச்சடித்த முகத்தை லூப் வைத்துப் பார்த்துவிட்டு, இவருக்கு உடம்பெல்லாம் புள்ளி என்று சொல்வதைப் போன்றது.

இதே கருவியில் இன்னொரு நுணுக்கம் உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் எட்டுப் படிகள், மொத்தம் 512 நிறங்கள். எட்டையும் இன்றைய கணினித் திரையின் அளவான 0 முதல் 255 வரை சமமாகப் பங்கிட்டால் 0, 36, 73, 109 என்று போகும். பல எமுலேட்டர்கள் அப்படித்தான் போட்டன. அசல் கருவியை அளந்தவர்கள் கண்டது ஏறக்குறைய 0, 52, 87, 116, 144, 172, 206, 255. இரண்டு நுனியிலும் நெட்டைப் படி, நடுவில் குட்டைப் படி. சமப் பங்கீட்டில் இருட்டுக் காட்சிகள் இன்னும் இருளுவது அதனால்தான்.

வெள்ளையிலும் ஒரு சின்னச் சறுக்கல் உண்டு, இது அச்சகத்தாருக்கு மட்டுமே உறுத்தும். சூப்பர் நிண்டெண்டோவிலும் நிறத்துக்கு ஐந்து பிட், உச்சம் 31. அதை எட்டால் பெருக்கி விட்டுவிட்டால் 248 தான் வரும், 255 வராது. பழைய எமுலேட்டர் படங்களில் வெள்ளை இப்படி 248 இல் நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். திரையில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். தாளில் அந்த வெள்ளை முழுக்கப் பொடிப் புள்ளி தூவிக்கிடக்கும். ஐந்து பிட்டின் மேல் மூன்றையே எடுத்து மறுபடி கீழே ஒட்டினால் 31 சரியாக 255 ஆகிவிடும்.

1989 இன் முதல் கேம் பாயைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் உங்களுக்கு இணைப்பிதழ் தனியாக வேண்டும். அதன் பக்கவாட்டில் கான்ட்ராஸ்ட் சக்கரம் இருந்தது, ஒவ்வொரு கையும் அதை ஒவ்வோர் இடத்தில் வைத்தது என்பதோடு விடுகிறேன்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த முறை பழைய விளையாட்டுப் படம் போடும்போது, கீழே ஒரு வரி: எந்தக் கருவி, எந்தப் பேலட், நிறத் திருத்தம் இருந்ததா இல்லையா. ஓவியத்தை அச்சிடும்போது அது எண்ணெய் வண்ணமா நீர் வண்ணமா என்று போடுகிறீர்கள் அல்லவா, அதைப் போல. அட்வான்ஸ் படமென்றால் திருத்தத்தைத் திறந்துவைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். அருவிக்கு, கம்போசிட் சிக்னலைப் போலச் செய்யும் வடிகட்டி எமுலேட்டரிலேயே இருக்கிறது.

வானத்தை மட்டும் தானியங்கி மாற்றத்துக்கு விட வேண்டாம். சயான் 65, மெஜந்தா 30, மற்ற இரண்டும் சுழியம் என்று கையால் போட்டு, சின்ன அளவிலாவது ஒருமுறை மறுபடி வெளியிட்டால் ஒரு பிரதியை அண்ணனுக்கு அனுப்பிவைப்பேன். அவனும் உங்களுக்குக் கடிதம் எழுதுவான், சந்தேகமே வேண்டாம். அவனுக்கு மெஜந்தாவை 55 ஆக்கிக்கொள்ளுங்கள். பெரியப்பா வீட்டுத் தொலைக்காட்சிக்கு அதுதான் சரி. எந்த வீடு என்பதை மட்டும் படத்துக்குக் கீழே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
அச்சகத்தில் நிறம் பார்க்கும் ஒரு வாசகி